குழந்தையின் மூச்சுக்கு மின்சாரம் தேவையில்லை

யாங்கோன் உறவுகளுக்கு நாம் அனுப்ப வேண்டியது எது?

மியன்மாரில் உற்றார் உறவினரை விட்டுவந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமான வேண்டுகோள் ஒன்று உண்டு. "பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது, அங்கிருந்து ஒரு நெபுலைசர் இயந்திரம் வாங்கி அனுப்ப முடியுமா?" என்பதே அது. நாமும் நம்மால் இயன்றதைச் சேர்த்து, பயணம் போவோரின் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, ஒரு கடமையை நிறைவேற்றிய ஆறுதலோடு இருந்து விடுகிறோம்.

அன்பினால் செய்யப்படும் இவ்வுதவியைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் யாங்கோன் மாநகரின் இன்றைய நிலையில், அவ்வியந்திரம் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே வெறும் பெட்டியாக நின்றுவிடக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அதனிலும் மலிவான, மின்சாரமே வேண்டாத, பெரும்பாலான இழுப்புகளுக்கு அதே அளவு பயன் தரும் வழி ஒன்று பல ஆண்டுகளாகவே மருத்துவ உலகம் அறிந்தது. அது நம் மக்களின் வீடுகளுக்குள் இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. அதனைக் கொண்டு சேர்ப்பதே நம் முதற்பணியாக வேண்டும்.

நோயும் அதன் இயல்பும்

தமிழகத்தார் இழுப்பு என்றும், ஈழத்தார் முட்டு, தொய்வு என்றும் வழங்கும் ஆஸ்துமா, நுரையீரலின் மூச்சுக்குழாய்கள் நாட்பட்ட அழற்சிக்கு உள்ளாகியிருக்கும் நிலையாகும். சளிக்காய்ச்சல், புகை, தூசி, பூஞ்சணம், குளிர்காற்று போன்ற ஏதேனும் ஒன்று தூண்டும்போது, அக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உட்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி வழியை அடைக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. சிறு பிள்ளைகளின் குழாய்கள் இயல்பிலேயே குறுகியவை என்பதால், அவர்களது நிலை மிக விரைவாக மோசமடைகிறது. அதுவும் பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலுமே.

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கின்படி 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இவ்விறப்புகளில் பெரும்பாலானவை வருவாய் குறைந்த நாடுகளிலேயே நிகழ்கின்றன. செல்வந்த நாடுகளில் நோய் குறைவு என்பதன்று இதன் பொருள். அதே நோய்க்கு உரிய எளிய மருந்து ஓரிடத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லை என்பதே பொருள்.

யாங்கோனின் காற்றும் இருளும்

இரங்கூன் என்று நம் முன்னோர் அழைத்த அந்நகரில், 1871-இல் தமிழர் எழுப்பிய காளி கோவில் இன்றும் நிற்கிறது. கப்பல் ஏறிச் சென்று உழைத்த தலைமுறைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். 1962-இல் படையினர் ஆட்சியைப் பிடித்ததன் பின்னர் வந்த தேசியமயமாக்கலில் கடை கண்ணியை இழந்து இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெளியேறினர். வெளியேற இயலாதவர்களும், வெளியேற விரும்பாதவர்களும் தங்கிவிட்டனர். 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னர் ஆவணச் சிக்கல்களும் அவர்களில் பலரைத் தொடர்கின்றன.

அப்பிள்ளைகள் மூச்சுவிடும் காற்று எத்தகையது? பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்வெளிகளையும் காடுகளையும் எரிக்கும் புகை நாட்டின் பல பகுதிகளைச் சூழ்கிறது. மே மாதத்தில் தொடங்கும் பெருமழை ஒக்டோபர் வரை நீடித்து, வீடுகளின் சுவர்களில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் படரவிடுகிறது. சளிக்காய்ச்சலும் அதனோடு வருகிறது. 2018 ஏப்ரலில் இலாயிங்தாயா பகுதியிலுள்ள தெயின்பின் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தபோது, சுற்றியிருந்த குடும்பங்கள் நச்சுப் புகையைச் சுவாசித்தபடியே வாழ நேர்ந்தது.

இவற்றின் மேல் வந்து விழுந்ததே மின்வெட்டு. 2021-க்குப் பின்னர் எரிவாயுப் பற்றாக்குறையும் போரும் மின்னுற்பத்தியை நலியச் செய்தன. 2024, 2025 ஆண்டுகளில் யாங்கோனின் வட்டாரங்கள் முறைவைத்து இருளில் ஆழ்ந்தன. ஒரு நாளின் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மின்சாரம் இன்றிக் கழிந்த வீடுகள் ஏராளம். மின்சாரம் போனால் அடுப்பு கரிக்கு மாறுகிறது. தெருவிலே டீசல் மின்னாக்கிகள் உறுமத் தொடங்குகின்றன. ஆக, மின்வெட்டு பிள்ளைக்கு இழுப்பைத் தூண்டும் புகையைப் பெருக்குகிறது. அவ்விழுப்பைத் தணிக்கும் என்று நாம் நம்பியிருந்த இயந்திரத்தையும் நிறுத்திவிடுகிறது. நாம் அனுப்பிய பெட்டி கைவிடுவது இந்த இடத்திலேதான்.

மருத்துவமனை எத்தனை தூரம்?

"உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகலாமே" என்று வெளிநாட்டிலிருந்து சொல்வது எளிது. யாங்கோன் குழந்தைகள் மருத்துவமனை, யாங்கின் குழந்தைகள் மருத்துவமனை ஆகியன அந்நகரில் உள்ளன. ஆயின் 2021 பெப்ரவரி 1-ஆம் நாள் நிகழ்ந்த ஆட்சிக்கவிழ்ப்பிற்குப் பின்னர், மருத்துவர்களும் தாதியரும் முன்னின்று தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தையும், அவர்கள்மேல் ஏவப்பட்ட அடக்குமுறையையும் உலகம் அறியும். வேலையிழந்தோர், சிறைப்பட்டோர், தலைமறைவானோர், நாட்டை விட்டே வெளியேறியோர் எனப் பலர் போக, எஞ்சியோரின் தோள்களில் பெருஞ்சுமை இறங்கியது. அதே பெப்ரவரி மாதத்தில் இரவு 8 மணி முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நேரம் பின்னர் தளர்த்தப்பட்டபோதும், இரவில் வண்டி பிடித்துச் சோதனைச் சாவடிகளைக் கடக்கும் அச்சம் ஆண்டுகள் பலவாக நீடித்தது. இழுப்பு நள்ளிரவில் வரும் நோய் என்பதை இங்கே நினைவிற் கொள்க.

2021 ஜூலையில் கொவிட் அலை உச்சத்திலிருந்தபோது, பிராணவாயுக் கலன்களுக்காக யாங்கோன் மக்கள் நீண்ட வரிசைகளில் நின்ற காட்சிகளை நாம் மறந்துவிடவில்லை. தனியாருக்குப் பிராணவாயு விற்பதைப் படையினர் தடுத்தனர் என்ற செய்திகள் வெளியாயின. பதுக்கலைத் தவிர்க்கவே கட்டுப்பாடு என ஆட்சியாளர் விளக்கமளித்தனர். விளக்கம் எதுவாயினும், மூச்சுக்கு வழியின்றி வீடுகளிலேயே மாண்டோர் பலர். உயிர்வளியும் மருந்தும் அரசியற் கருவிகளாக்கப்படலாகாது என்று நாம் தொடர்ந்து உரத்துச் சொல்ல வேண்டும். அதேவேளை, ஆட்சி மாறும்வரை குழந்தையின் மூச்சு காத்திருக்காது என்பதும் உண்மை. வீட்டிலேயே கடக்க வேண்டிய முதல் ஒரு மணி நேரத்திற்கு நாம் அவர்களை ஆயத்தப்படுத்தியிருக்கிறோமா என்பதே கேள்வி.

இயந்திரமா, இன்ஹேலரா?

சால்புட்டமால் என்பது இறுகிய மூச்சுக்குழாய்த் தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தும் மருந்து. பெரும்பாலான நாடுகளில் நீலநிற இன்ஹேலரில் கிடைப்பது இதுவே. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலும் இது உள்ளது. இதனை நேராக வாயில் வைத்து அழுத்தினால், சிறு பிள்ளைகளால் மூச்சை அதற்கேற்ப இழுக்க இயலாது. மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் எனப்படும் வெற்றுக்கூடு ஒன்றைப் பொருத்தினால், மருந்து அதனுள் மிதந்து நிற்கும். பிள்ளை இயல்பாக மூச்சுவிட்டே அதனை உள்வாங்கிக்கொள்ளும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதனோடு முகமூடி ஒன்றையும் சேர்த்துக்கொள்வர்.

நெபுலைசரையும் ஸ்பேசரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் அமைப்பின் அறிக்கை 2013-இல் புதுப்பிக்கப்பட்டது. உயிராபத்தான நிலையில் இல்லாத இழுப்புகளில், மருத்துவமனையில் தங்க நேரும் வீதம் இரண்டிலும் வேறுபடவில்லை என்பதே அதன் முடிவு. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஸ்பேசர் பயன்படுத்தியோர் அவசரப் பிரிவில் செலவிட்ட நேரம் குறைவாகவும், இதயப் படபடப்புக் குறைவாகவும் இருந்தன. பெரிய இயந்திரமே பெரிய மருத்துவம் என்ற நம் எண்ணத்திற்கு இங்கே இடமில்லை. உயிராபத்தான நிலையில் பிராணவாயுவோடு சேர்த்து நெபுலைசர் வழங்குவது மருத்துவமனையின் பணி, வீட்டின் பணியன்று.

ஸ்பேசர் வாங்கவும் வழியில்லையெனில்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் குழந்தை மருத்துவர் ஹெதர் சார் தலைமையிலான குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. அரை லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பானப் புட்டியின் அடிப்புறத்தில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியின்றி ஒட்டி, புட்டியின் வாய்வழியே பிள்ளையை மூச்சிழுக்கச் செய்தனர். விலைகொடுத்து வாங்கிய ஸ்பேசருக்கு நிகரான பயனை அப்புட்டி தந்தது. பிளாஸ்டிக் நுரைக் குவளையோ அந்தப் பயனைத் தரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. எறிந்துவிடும் ஒரு புட்டி, குழந்தையின் மருத்துவக் கருவியாகிறது. இச்செய்தி இலாயிங்தாயாவின் ஒவ்வொரு குடிசைக்கும் சென்றுசேர வேண்டாமா?

முதல் ஒரு மணி நேரம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவும் முறையும் அதனை அறிந்த மருத்துவர் எழுதித் தரவேண்டியவை. ஆயினும் பொதுவான நெறி எத்தகையது என்பதைப் பெற்றோர் அனைவரும் தெரிந்திருத்தல் நலம். அவுஸ்திரேலியாவின் தேசிய ஆஸ்துமா மன்றம் கற்பிக்கும் முறை நினைவில் நிறுத்த எளியது.

பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், படுக்க வைக்கலாகாது. இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு முறை அழுத்தி, நான்கு மூச்சுகள் இழுக்கச் செய்ய வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாக நான்கு முறை. பின்னர் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். தணியாவிடில் மீண்டும் நான்கு முறை. அப்போதும் தணியவில்லையென்றால் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். உதவி கிட்டும்வரை வழியெங்கும் இதனைத் தொடர வேண்டும். நான்கையும் ஒரேயடியாக அழுத்துவது தவறு. அவ்வாறு செய்தால் மருந்து கூட்டின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சில அறிகுறிகள் தோன்றினால் காத்திருத்தல் கூடாது. பிள்ளையால் ஒரு சொற்றொடரை முடிக்கவோ பால் குடிக்கவோ முடியாமை, விலா எலும்புகளின் இடையும் கழுத்துக்குழியும் உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், மயங்கிச் சோர்தல் ஆகியன அவை. இவற்றினும் ஏமாற்றுவது ஒன்று உண்டு: முன்பு கேட்ட விசில் ஒலி, பிள்ளை இன்னும் தவிக்கையிலேயே நின்றுவிடுதல். ஒலி நின்றதைக் கண்டு தணிந்தது என்று மகிழ்வோர் உளர். காற்றே போகவில்லை என்பதால் ஒலி நின்றிருக்கலாம், அதுவே பேராபத்து.

மருத்துவமனையில் பிராணவாயு, சால்புட்டமால், அதனுடன் இப்ராட்ரோப்பியம், விரைவில் தொடங்கும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து, கடுமையாயின் மக்னீசியம் சல்பேட் எனச் சிகிச்சை செல்லும். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். ஆகவேதான் தாமதம் கொடிது.

நம் வீட்டுத் தயக்கங்கள்

மருந்தின்மை பாதித் தடை, மனத்தடை மறுபாதி. "பம்ப் பழகிவிட்டால் விடாது" என்ற அச்சம் யாங்கோனில் மட்டுமன்று, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஒலிப்பதே. இன்ஹேலர் அடிமையாக்கும் மருந்தன்று. நோய் இருக்கும்வரை மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவே. பெண்பிள்ளையாயின் "நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் எப்படி?" என்று இன்ஹேலரை ஒளிக்கும் வீடுகளும் உண்டு. ஒளித்துவைத்த மருந்து வேண்டும்போது கைக்கு வராது.

இன்ஹேலருக்கு அஞ்சி, சால்புட்டமால் பானத்தை ஊட்டுவோர் பலர். வாய்வழி கொடுக்கும் அது மெதுவாகவே வேலை செய்யும். கை நடுக்கம், படபடப்பு முதலிய பக்கவிளைவுகள் மிகுதி. உலக ஆஸ்துமா நெறிமுறைகள் அதனைப் பரிந்துரைப்பதில்லை. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் பெரும்பாலான இழுப்புகளுக்குத் தேவையற்றவை. இருமல் மருந்தும் பத்தியமும் மட்டும் இறுகிய குழாயைத் திறக்கா.

மற்றொரு பிழை, நீலநிற நிவாரணியை மட்டுமே நம்பியிருத்தல். அது அந்நேரத் துன்பத்தைத் தணிக்கும். அடியிலுள்ள அழற்சியை ஆற்றாது. அடிக்கடி இழுப்பு வரும் பிள்ளைக்குப் பெக்லோமெத்தசோன், புடெசோனைட் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை நாள்தோறும் தந்து வரும்முன் காப்பதே முறை. ஸ்டீராய்டு என்ற பெயரே பெற்றோரை அஞ்சவைக்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த பிள்ளைகளின் முழு வளர்ச்சி உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவு காணப்பட்டதுண்டு. அதனை மறைக்கத் தேவையில்லை. ஒரு சென்டிமீட்டரை ஒரு பக்கத்திலும், ஓர் உயிரை மறுபக்கத்திலும் வைத்து நிறுத்துப் பார்ப்போமாக.

புகலிட நாடுகளும் விலக்கல்ல

மருந்தும் மருத்துவமனையும் நிறைந்த நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இவ்வாபத்து இல்லை என்று எவரும் எண்ணற்க. பிரித்தானியாவில் 2014-இல் வெளியான ஆஸ்துமா இறப்புகள் பற்றிய தேசிய மீளாய்வு 195 இறப்புகளை ஆராய்ந்தது. அவர்களுள் 28 பேர் 20 வயதுக்குட்பட்டோர். இறந்தோரில் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடாமலோ, அவசரச் சிகிச்சை கிட்டும் முன்னரோ உயிரிழந்திருந்தனர். தென்கிழக்கு இலண்டனில் 2013-இல் மறைந்த ஒன்பது வயதுச் சிறுமி எல்லா அடூ கிஸ்ஸி டெப்ராவின் இறப்பிற்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். மெல்பேர்னில் 2016 நவம்பர் 21-ஆம் நாள் இடிமழையோடு பரவிய மகரந்தத் துகள்களால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினர்; பத்துப் பேர் இறந்தனர். அன்று பாதிக்கப்பட்டோருள் தெற்காசியப் பின்னணி கொண்டோரின் பங்கு மிக அதிகமாயிருந்தது.

ஆகவே யாங்கோனுக்குக் கற்பிக்க முனையும் நாம் முதலில் நம் வீட்டில் தொடங்குவோம். உங்கள் பிள்ளையின் இன்ஹேலர் காலாவதியாகிவிட்டதா? பள்ளியில் ஒன்று உள்ளதா? பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அதனைப் பயன்படுத்தத் தெரியுமா? இன்றிரவே பார்த்துவிடுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அனுப்பும் பொருளை மாற்றுவோம். ஒரு நெபுலைசரின் விலையில் ஸ்பேசர்கள் பல வாங்கலாம். ஸ்பேசர் மருந்தன்று, உடைந்தாலொழிய ஆண்டுகள் உழைக்கும், பயணப்பையில் ஓர் ஓரத்தில் அடங்கும். சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் உலரவிட்டால் போதும். மருந்துகளை மட்டும் நம் எண்ணப்படி பொதிகட்டி அனுப்பலாகாது. அது சட்டச் சிக்கலையும் உடல்நலக் கேட்டையும் விளைவிக்கலாம். ஆட்சிக்கவிழ்ப்பின் பின்னர் கியாட் நாணயம் பெரிதும் வீழ்ந்து, இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து மருந்து விலையை உயர்த்தியுள்ள நிலையில், அங்குள்ள மருத்துவர் எழுதித்தரும் இன்ஹேலரை அங்கேயே வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புவதே தக்க உதவி. நிவாரணி ஒன்று, தடுப்பு மருந்து ஒன்று என இரண்டிற்கும் சேர்த்து அனுப்புங்கள்.

இரண்டாவது, அறிவை அனுப்புவோம். ஒரே பக்கத்தில், படங்களோடு, பர்மிய மொழியிலும் தமிழிலும் முதலுதவி முறையை அச்சிடலாம். காளி கோவிலின் வாயிலிலும், சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசலிலும், தமிழ்த் தேவாலயங்களிலும், தமிழ் வகுப்புகளிலும் அது தொங்கட்டும். உலக ஆஸ்துமா நாளுக்கு 2024-இல் கல்வியும், 2025-இல் சுவாச மருந்துகள் அனைவருக்கும் கிடைத்தலும் கருப்பொருள்களாக அமைந்தன. அவ்விரண்டும் நமக்கென்றே சொன்னவை போலல்லவா உள்ளன?

மூன்றாவது, இளையோரே, இது உங்களுக்கு. பெற்றோரின் ஊரோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். மருத்துவமும் தாதியமும் மருந்தியலும் பயிலும் உங்களுள் பலர், ஐந்து நிமிடக் காணொளி ஒன்றில் புட்டி ஸ்பேசர் செய்யும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் காட்டிவிட முடியும். தமிழ் தடுமாறினாலும் குற்றமில்லை. கை காட்டுவதைக் கண் புரிந்துகொள்ளும். தகுதிபெற்ற மருத்துவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து வெளியிடுங்கள்.

நான்காவது, குரலை விடாதிருப்போம். மருந்துக்கும் பிராணவாயுவுக்கும் மருத்துவருக்கும் தடை விதிக்கலாகாது என்பதை நாம் வாழும் நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதுவோம். உதவித் திட்டங்களில் குழந்தைகளுக்கான இன்ஹேலரும் ஸ்பேசரும் இடம்பெற வேண்டும் என்று குறித்துக் கேட்போம். "மனிதாபிமான உதவி" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "சால்புட்டமால் இத்தனை, ஸ்பேசர் இத்தனை" என்று கேட்பது பதிலை எளிதில் தட்டிக்கழிக்க இடந்தராது.

அடுத்த முறை யாங்கோனிலிருந்து ஒரு தாய் நெபுலைசர் வேண்டும் என்று கேட்டால், இல்லையென்று சொல்ல வேண்டாம். அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, மின்சாரம் போனால் என்ன செய்வாய்?" பிறகு காணொளி அழைப்பிலேயே ஒரு புட்டியை எடுத்து வரச் சொல்லி, துளை எங்கே இடுவது, எப்படி ஒட்டுவது, எத்தனை மூச்சு எண்ணுவது என்று காட்டிக் கொடுங்கள். ஸ்பேசர் போய்ச் சேரும்வரை அப்பிள்ளையை அதுவே காக்கும்.